என் சர்வீஸ்லயே இப்படி நடந்ததில்லை

"கீபோர்டு தீப்பிடிச்சு எரியுது, யாராவது சீக்கிரம் வாங்க" என்று போனில் ஒரு பெண்குரல் கதறியது.

கொழுந்தன் ரிசீவரைப் போட்டான். சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றித் தோளில் சாத்திக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் தாவினான். மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் நெஞ்சுதான் எரிந்துகொண்டிருந்தது. அங்கே தீயும் இல்லை, புகையும் இல்லை. ஒரு பெண் நிதானமாக நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீபோர்டின் மேல் காப்பிக் கோப்பை இருந்தது.

"எங்கம்மா எரியுது?"

"தொட்டுப் பாருங்க. கை பொத்துப் போயிடும்."

கோப்பையை நகர்த்திவிட்டுத் தொட்டுப் பார்த்தான். கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவுதான் சூடு.

"கோப்பையைக் கீழ வெச்சுட்டீங்கன்னா தீ அணைஞ்சுடும்" என்று சொல்லிவிட்டு, சிலிண்டரைச் சுமந்துகொண்டு மறுபடி கீழ்த்தளத்துக்கு இறங்கினான். வழியில் எதிர்ப்பட்டவர்களில் ஒருவர்கூட என்ன தீ, எங்கே தீ என்று கேட்கவில்லை. அந்த ஆபீஸில் தினமும் ஏதாவது எரிந்துகொண்டுதான் இருந்தது.

கீழ்த்தளத்து உதவிப் பிரிவு அறையில் அண்ணி காலை நீட்டி உட்கார்ந்து, யாரோ விட்டுப்போன பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் கொழுந்தனின் அண்ணன் மனைவி. அண்ணன் வீட்டில் சமைப்பார், அண்ணி வெளியில் துப்பறிவாள், கொழுந்தன் அவளுக்குப் பை தூக்குவான். குடும்பத்தில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. தொழிலில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லோருமே, வயது வித்தியாசம் பார்க்காமல், அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள்.

"அணைச்சுட்டியா தம்பி?"

"அணைச்சுட்டேன். உயிர்ச்சேதம் இல்ல. நாலு எழுத்துக்கு லேசா காய்ச்சல்."

மூலையில் உட்கார்ந்திருந்தவன் சிரிக்கவில்லை. அவனுக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. அந்த ஆபீஸின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். எல்லோரும் அவனிடம் 'செத்துப்போச்சு, உயிர் போயிடுச்சு' என்றே சொல்வதால் டாக்டர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் வரைக்கும்தான் அவனுக்கு அந்த நாற்காலி. அதற்குப் பிறகு போலீஸ் வரப்போகிறது.

விஷயம் இதுதான். அது கட்டடங்களுக்கு வரைபடம் போடும் நிறுவனம். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கான போட்டிக்கு மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு வரைபடம் தயாரித்திருந்தார்கள். போட்டி நாளில் திறந்து பார்த்தால், எதிரி நிறுவனம் அதே கட்டடத்தை, வாசல் எந்தப் பக்கம் என்பது வரைக்கும் மாற்றாமல், முந்திக்கொண்டு கொடுத்திருந்தது. தோண்டித் துருவியதில் வரைபடம் போன வாரம் ஒரு மதிய இடைவேளையில், திட்டப் பிரிவுத் தலைவரின் மெஷினிலிருந்து வெளியே போயிருந்தது தெரிந்தது. தலைவரோ, இடைவேளைக்குச் சற்று முன்புதான் உதவிப் பிரிவுக்குப் போன் போட்டு எச்சரித்தேன் என்றார். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆபீஸின் எந்த மெஷினுக்குள்ளும் நுழையும் வசதி டாக்டர் ஒருவனுக்குத்தான் உண்டு. முதலாளி இரண்டையும் கூட்டிப் பார்த்து டாக்டர்தான் திருடன் என்று முடிவு கட்டிவிட்டார்.

காலையில் அண்ணியைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, அந்தப் போன் பதிவை அவரே போட்டுக் காட்டினார். உதவிப் பிரிவுக்கு வரும் எல்லா அழைப்பும் பதிவாகும். பதிவில் திட்டப் பிரிவுத் தலைவரின் குரல் பதமாக, அடக்கமாக ஒலித்தது.

"தம்பி, ஒரு சின்ன விஷயம். என் மவுஸ் தானா கொஞ்சம் நகர்ற மாதிரி இருக்கு. யாராவது உள்ள வந்திருப்பாங்களோன்னு ஒரு சந்தேகம். அவசரமில்ல, நேரம் கிடைக்கும்போது பாருங்க."

"பார்த்தீங்களா? இவ்வளவு பெரிய மனுஷன், இவ்வளவு மரியாதையா சொல்லியிருக்கார். அந்தப் பய திரும்பிக்கூடப் பார்க்கல. ஏன் பார்க்கல? உள்ள இருந்ததே அவன்தானே" என்றார் முதலாளி.

"முடிவு நீங்களே பண்ணிட்டீங்க. நாங்க எதுக்கு சார்?" என்றாள் அண்ணி.

"போலீஸ்கிட்ட வெறுங்கையோட போக முடியாதில்ல? வெளியாள் விசாரிச்சாங்கன்னு ஒரு பேச்சுக்கு வேணும். சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்க."

கொழுந்தனுக்கு முதலாளியின் மூஞ்சியில் எதையாவது வீசவேண்டும் போலிருந்தது. அண்ணி சிரித்த முகத்தோடு எழுந்து, உதவிப் பிரிவு அறையையும் அதன் போனையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு வரும் புகார்களுக்கெல்லாம் கொழுந்தன் போவது, டாக்டர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது என்று ஏற்பாடு.

அதனால்தான் அவன் காலையிலிருந்து படியேறி இறங்கிக்கொண்டிருந்தான்.

"எதுக்கு டாக்டர் இப்படி ஊளையிடறாங்க? மனுஷங்க மாதிரிப் பேசினா ஆகாதா?"

"முதலாளி போட்ட சட்டம்ங்க. எந்தப் புகார் பெரிசோ அதுக்குத்தான் முதல்ல போகணும். போட்ட அன்னைக்கே எல்லாப் புகாரும் பெரிசாயிடுச்சு. அப்பறம் ஒருத்தரைவிட ஒருத்தர் பெரிசா சொல்ல ஆரம்பிச்சாங்க." டாக்டர் உதட்டைச் சுழித்தான். "நான் எதைக் கேட்டாலும் பத்தால வகுத்துக்குவேன். செத்துப்போச்சுன்னா சுவிட்ச் போடலைன்னு அர்த்தம். ஆபீஸே முடங்கிடுச்சுன்னா அவங்க காலை ஆட்டி ஒயரை உதைச்சிருக்காங்க. வைரஸ்னா பெரும்பாலும் கண்ணாடி போட மறந்திருப்பாங்க."

போன் மறுபடி அலறியது. வரவேற்பறைப் பெண். அவளுடைய திரை நிரந்தரமாகக் குருடாகிவிட்டதாம். கொழுந்தன் போய்ப் பார்த்தான். திரைமேல் அவள் ஒட்டி வைத்திருந்த மஞ்சள் சீட்டுகளை வரிசையாகப் பிய்த்தான், பார்வை திரும்பியது. அடுத்து ஒரு வரைவாளர். பிரிண்டர் காட்டுமிருகம் மாதிரி உறுமுகிறதாம், பக்கத்தில் போகவே பயமாக இருக்கிறதாம். உள்ளே ஒரு ஜெம் கிளிப் கிடந்தது. அதற்கடுத்த போனை எடுத்தபோது ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்கவேண்டியதாயிற்று.

"என் கை முடங்கிப்போச்சு. எல்லா வேலையும் அப்படியே நின்னுபோச்சு. இந்தக் கம்பெனியை இன்னையோட இழுத்து மூட வேண்டியதுதான். என் சர்வீஸ்லயே இப்படி நடந்ததில்லை."

"கையா சார்? ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா?"

"மவுஸுய்யா, மவுஸ்."

டாக்டர் மூலையிலிருந்து, குரலைக் கேட்டே சொன்னான். "பிரளயம். நாங்க வெச்ச பேரு. திட்டப் பிரிவுத் தலைவர். பேட்டரி ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. 'என் சர்வீஸ்லயே'ன்னு சொன்னாரா? அதைச் சொல்லாம அவர் போனை வெச்சதில்ல."

மெஷினிலிருந்து வரைபடம் திருட்டுப்போனதாகச் சொல்கிற பெரிய மனுஷன் இவர்தானா என்று கொழுந்தன் நேரில் பார்க்க ஆசைப்பட்டான். பிரளயத்தின் கம்ப்யூட்டர் திரை முழுக்க, பிரளயமே ஏதோ பரிசு வாங்கும் புகைப்படம் இருந்தது. பேட்டரி மாற்றும் இரண்டு நிமிடத்துக்குள் அவர், டாக்டரைப் பற்றி வருத்தத்தோடு தலையாட்டினார், இளைஞர்கள் கெட்டுப்போவதைச் சொன்னார், நானாக இருந்தால் அவனை மன்னித்துவிடுவேன் என்றும் சேர்த்துக்கொண்டார். மன்னிக்கும்போது அவருக்குக் கண்கூடக் கலங்கியது.

கீழே வந்து கொழுந்தன் எல்லாவற்றையும் ஒப்பித்தான். அண்ணி முழுதும் கேட்டுக்கொண்டாள். டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"அந்த மதியம் நீங்க எங்க இருந்தீங்க?"

"முதல் மாடி, கணக்குப் பிரிவு அம்மா மேஜைக்கு அடியில. கம்ப்யூட்டர்லேர்ந்து புகை கக்குதுன்னு அலறுனாங்க. இடைவேளை முழுக்க அங்கதான் கிடந்தேன். ஆனா அந்தம்மா, நான் வந்து ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துட்டு ஓடிட்டேன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டாங்க."

"அண்ணி, விஷயம் வெளங்கிடுச்சு" என்று கொழுந்தன் குதித்தான். "அந்தம்மாதான். புகைன்னு கத்தி இவரை மேஜைக்கடியில தள்ளிட்டு, அந்தப் பக்கம் காரியத்தை முடிச்சிருக்காங்க. எழுதி வெச்சுக்கோங்க."

"எழுதற அளவுக்கு இல்ல. வா, பார்ப்போம்."

கணக்குப் பிரிவு அம்மா, கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு, இவர்களைப் பார்த்ததுமே தும்மினாள். ஆமாம், புகை வந்தது. கரும்புகை. கண்ணே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மயக்கம் போடப் பார்த்தார்கள். அந்தப் பையன் வந்தான், பார்த்தான், போனான். அதற்குமேல் தனக்கொன்றும் தெரியாது.

கொழுந்தன் மேஜையை மோப்பம் பிடித்தான். கரி வாசனைக்குப் பதிலாக யூகலிப்டஸ் தைலத்தின் நெடி மூக்கில் ஏறியது. அண்ணி மேஜைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே நிர்வாகம் அச்சடித்து ஒட்டிய அறிவிப்புகள் வரிசையாக இருந்தன. எல்லாம் தட்டையாக, வெள்ளையாக இருக்க, ஒன்று மட்டும் நனைந்து காய்ந்து அலையலையாகச் சுருண்டிருந்தது. சொந்த மின்சாதனங்களை மேஜையில் வைத்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்ற அறிவிப்பு அது.

"கரும்புகை பட்டா காகிதம் கறுக்கணும். இது சுருண்டிருக்கு" என்றாள் அண்ணி. "ஜலதோஷம் பிடிச்சு எத்தனை நாளாச்சும்மா?"

"பத்து வருஷமா இருக்கு."

"போன வாரம்தான்னு வெச்சுக்குவோம். ஆவி பிடிக்கிற மெஷினை எங்க வெச்சிருக்கீங்க?"

அந்த அம்மாள் துண்டை இறுக்கிக்கொண்டு, கீழ் இழுப்பறையின் மேல் காலைத் தூக்கி வைத்தாள். கொழுந்தன் குனிந்து பணிவாக, "காலுக்கும் ஜலதோஷமாம்மா?" என்றான். கால் மெல்ல விலகியது. இழுப்பறைக்குள் குழாயும் முகமூடியுமாக மெஷின் இருந்தது.

பிறகு எல்லாம் கொட்டிவிட்டது. இடைவேளையில் ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். மெஷின் சாய்ந்து, பிளக் கட்டையில் தண்ணீர் கொட்டி, அந்தப் பக்கம் முழுக்க மின்சாரம் போய்விட்டது. ஆவி என்று சொன்னால் மாட்டிக்கொள்வாள், அதனால் புகை என்றாள். டாக்டர் இடைவேளை முழுக்கத் தரையில் படுத்து, தன் கைக்குட்டையாலேயே பிளக் கட்டையை ஒற்றி ஒற்றிக் காயவைத்தான். அதை முதலாளியிடம் சொன்னால் மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதனால் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டான் என்றாள்.

"உங்க ஜலதோஷத்துக்கு அவர் ஜெயிலுக்குப் போகணுமா?" என்று அண்ணி கேட்டாள்.

"அவ்வளவு தூரம் போகும்னு நினைக்கலைங்க" என்று அந்த அம்மாள் மூக்கைச் சிந்தினாள். அப்போதும் அவளுக்குக் கவலை இழுப்பறையைப் பற்றித்தான்.

படியில் இறங்கும்போது கொழுந்தன் தன் கணிப்பு பிசகியதை ஒப்புக்கொண்டான். "புகைன்னா கரி படியும்னு நினைச்சேன். சளி படிஞ்சிருக்கு."

அண்ணி நின்றாள். அவள் கோபப்படுவது அபூர்வம். "பொய் சொல்றவனை நான் மதிப்பேன் தம்பி. உண்மை எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியும், அதை விட்டுத் தள்ளி நிப்பான். இவங்களுக்கு அதுவும் தெரியாது. தினம் கத்திக் கத்தி, எது நடந்துச்சு எது நடக்கலைங்கறதே இவங்களுக்கு மறந்துபோச்சு. இந்தக் கூட்டத்துக்கு நடுவுல ஒருத்தன் மாட்டிக்கிட்டு முழிக்கிறான்."

முதலாளியின் அறைக்குப் போய்ச் சொன்னார்கள். அவர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"சரி, அவன் மேஜைக்கடியில இருந்தான். அப்ப திருடன் வெளியாள். ஆனாலும் எச்சரிச்ச அன்னைக்கு இவன் போய்ப் பார்க்கல. அலட்சியம்தானே? திருட்டுக்கு வழி விட்டவன்னு எழுதித்தான் அனுப்புவேன். எந்த ஆபீஸ்லயும் இனிமே அவனைச் சேர்க்கக் கூடாது. பத்து ஆபீஸுக்கு நானே போன் போட்டுச் சொல்வேன்."

போலீஸ் வராது என்றானால் நாற்காலியாவது மிஞ்சும் என்று கொழுந்தன் நினைத்திருந்தான். இந்த ஆள் அவன் பெயரையே அல்லவா கெடுக்கப் பார்க்கிறார். மெஷின் தவிர வேறு தொழில் தெரியாதவனை, திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டவன் என்று ஊரெல்லாம் சொன்னால், யார் அவனைத் தங்கள் மெஷின் பக்கம் விடுவார்கள்? கீழே போய் டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுக்கொண்ட டாக்டர் மேஜையில் கிடந்த ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தான்.

"ஏன் போய்ப் பார்க்கல நீங்க?" என்று அண்ணி கேட்டாள். குரலில் பரிவு இல்லை.

"சட்டப்படி கடைசியில வெச்சேன். சின்ன விஷயம், அவசரமில்லன்னு அவரே சொன்னார்ல."

"அது மட்டும்தானா?"

டாக்டர் தயங்கினான். "நிம்மதியா இருந்துச்சுங்க. இத்தனை வருஷத்துல ஒருத்தர் முதல் தடவையா கத்தாம பேசினார். என்ன பேசினார்ங்கறது மண்டையில ஏறல."

"அப்ப தப்பு உங்க மேலயும் இருக்கு. எல்லாரையும் பத்தால வகுத்தீங்க. வகுக்கத் தேவையில்லாத ஒண்ணு வந்தப்போ அதையும் சேர்த்து வகுத்துட்டீங்க." அண்ணி பதிவை மறுபடி போடச் சொன்னாள். தம்பி, ஒரு சின்ன விஷயம் என்று அந்தப் பதமான குரல் ஆரம்பித்தது. அவசரமில்ல என்று முடிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "தம்பி, காலையில பேட்டரிக்கு இந்த மனுஷன் என்ன சொன்னார்? அப்படியே சொல்லு."

கொழுந்தன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கை முடங்கியதிலிருந்து கம்பெனியை இழுத்து மூடுவது வரை நடித்துக் காட்டினான். கடைசியில் 'என் சர்வீஸ்லயே' என்று நெஞ்சில் அடித்துக்கொண்டான். நடிப்பு நன்றாக வந்ததில் அவனுக்கே திருப்தி.

அண்ணி கண்ணைத் திறந்தாள். "முதலாளியை மூணாம் மாடிக்கு வரச் சொல்லு. சத்தம் போடாம வரணும். அதுக்கு முன்னாடி, டாக்டர்கிட்டேர்ந்து முதலாளி பிடுங்கி வெச்சிருக்கற, மெஷினுக்குள்ள நுழையற வசதியைக் கொஞ்ச நேரத்துக்குத் திருப்பிக் குடுக்கணும்."

"எதுக்கு அண்ணி?"

"ஒரு மவுஸை ஓட்டணும்."

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பிரளயத்தின் மேஜைக்குப் பின்னால், சுருட்டிய வரைபடங்களை நிறுத்தி வைத்திருந்த தட்டிக்குப் பின்னே அவரை அண்ணி நிற்க வைத்தாள். அவ்வளவு பெரிய மனிதர் தன் சொந்த ஆபீஸிலேயே வயிற்றை எக்கிக்கொண்டு ஒளிந்திருப்பதைப் பார்க்க, காலையிலிருந்து ஏறிய படிகளுக்கெல்லாம் கூலி கிடைத்த மாதிரி கொழுந்தனுக்கு இருந்தது. தண்ணீர் குடிக்கிற பாவனையில் ஓரமாக நின்று, பாக்கெட்டிலிருந்த போனில் கீழே இருந்த டாக்டருக்கு ஒரு மிஸ்டு கால் விட்டான்.

பிரளயம் நாற்காலியில் சாய்ந்து, கையை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருந்தார். திரையில் அவருடைய பரிசளிப்புப் படம். அதன்மேல் அம்புக்குறி மெல்ல அசைந்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது. புகைப்படத்திலிருந்த பிரளயத்தின் மூக்கை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி, மீசைப் பக்கம் இறங்கியது. டாக்டர் இத்தனை வருஷக் கணக்கையும் அந்த மூக்கில் தீர்த்துக்கொள்கிறான் என்று கொழுந்தனுக்குத் தோன்றியது.

பிரளயம் கண்ணைத் திறந்தார். பார்த்தார். கோத்திருந்த தன் கையைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் இடித்தது.

"ஐயோ, யாராவது வாங்க. எவனோ என் மெஷினுக்குள்ள பூந்துட்டான். மவுஸ் தானா ஓடுது. நான் தொடவே இல்ல, அது பாட்டுக்கு ஓடுது. பிளக்கைப் பிடுங்குங்க, மெயினை ஆஃப் பண்ணுங்க. என் சர்வீஸ்லயே இப்படி நடந்ததில்லை."

அந்தத் தளத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். ஒரு தலை திரும்பவில்லை. கீபோர்டு எரிந்த பெண் மட்டும், இன்றைக்குக் கொஞ்சம் அதிகம் என்பது போலப் பக்கத்துப் பெண்ணைப் பார்த்தாள்.

அண்ணி பதறிப்போனவளாக அருகில் ஓடினாள். "நிஜமாவா சார்? இதுக்கு முன்னாடி இப்படி நடந்திருக்கா?"

"இல்லைங்க."

"லேசாகூட? ஒரு நாள், கொஞ்சமா நகர்ற மாதிரி?"

"சத்தியமா இல்ல. என் பிள்ளைங்க மேல ஆணையா இதுதான் முதல் தடவை. பாருங்க, கையெல்லாம் எப்படி நடுங்குது."

தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது. முதலாளி வெளியே வந்தார். வரைபடச் சுருள் ஒன்று அவரோடு சரிந்து உருண்டது. பிரளயத்தின் கை நடுக்கம் நின்றுவிட்டது.

"அன்னைக்கு சின்னதா நகர்ந்துச்சு சார்" என்று அவர் அவசரமாக ஆரம்பித்தார். "இது பெரிசு. அது சின்னது. அதனாலதான் நான் பொறுமையா…"

"நீங்க பொறுமையா பேசினதுதான் சார் எனக்கு உறுத்துச்சு" என்றாள் அண்ணி. "ஒரு பேட்டரி தீர்ந்ததுக்கு இன்னைக்குக் காலையில கம்பெனியை இழுத்து மூடச் சொன்னீங்க. திருடன் உள்ள வந்தப்போ மட்டும் அவசரமில்லன்னு சொல்லியிருக்கீங்க. வழக்கம்போலக் கத்தியிருந்தா டாக்டர் ஓடி வந்திருப்பார். வந்து பார்த்தா, உள்ள யாருமே இல்ல, வரைபடத்தை அனுப்பத் தயாரா உட்கார்ந்திருந்தது நீங்கதான்னு தெரிஞ்சுபோயிருக்கும். புகார் பதிவாகணும், ஆனா ஆள் வரக் கூடாது. அதுக்கு இந்த ஆபீஸ்ல ஒரே வழிதான் இருக்கு. மரியாதையா பேசணும்."

தளம் அமைதியானது. இப்போதுதான் தலைகள் திரும்பின. கத்தும்போது கேட்காத காதுகள், பேச்சு நின்றதும் கேட்க ஆரம்பித்தன.

பிரளயம் முதலாளியைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், திரையில் பரிசு வாங்கிக்கொண்டிருந்த தன்னையே பார்த்தார். புலம்ப ஆரம்பித்தார். எதிரி நிறுவனத்தில் அவருக்கு இதைவிடப் பெரிய அறையும், பெரிய பதவியும் தருவதாகச் சொன்னார்களாம். இங்கே அவருடைய திறமை யார் கண்ணிலும் படவில்லையாம். இந்த ஆஸ்பத்திரியை வரைந்ததே முக்கால்வாசி அவர்தானாம். அதைக் கேட்டு இரண்டு வரைவாளர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

"நெஞ்சு அடைக்குது. உயிர் போகுது. என் குடும்பத்துக்குச் சொல்லிடுங்க."

யாரும் அசையவில்லை. கீழ்த்தளத்திலிருந்து டாக்டர் அப்போதுதான் படியேறி வந்து சேர்ந்திருந்தான். நேராகப் போய், பிரளயத்தின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். நாடி ஒழுங்காக அடிப்பதைப் பார்த்துவிட்டுக் கையை அவர் மடியிலேயே வைத்தான்.

"ஒண்ணுமில்ல சார். ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணுங்க, சரியாயிடும்."

கொழுந்தன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். வேறு வழியில்லை, சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

பிரளயத்தைக் காவலாளியோடு தன் அறைக்கு அனுப்பிவிட்டு, முதலாளி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். டாக்டரைப் பார்த்து, நல்ல பிள்ளைக்குத் தட்டிக்கொடுக்கிற முகத்தை வரவழைத்துக்கொண்டார். "சரிப்பா, ஏதோ ஒரு குழப்பம் நடந்துபோச்சு. நாளைக்கு வழக்கம்போல வந்துடு."

"குழப்பம்னு சொல்லாதீங்க" என்றாள் அண்ணி. "காலையில திருடன்னு சொன்னீங்க. மத்தியானம் திருடனுக்கு வழி விட்டவன்னு சொன்னீங்க. இப்ப இவர் யாருன்னு இங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. பத்து ஆபீஸுக்குப் போன் போடறதா இருந்தீங்களே, அவங்களுக்கும் இதையே சொல்லுங்க."

முதலாளிக்குத் தன் ஆபீஸில் அவ்வளவு சின்னக் குரலில் பேசிப் பழக்கமில்லை. இவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்றார். கடைசி வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. கொழுந்தன் காதில் கையை வைத்துக் குனிந்தான். முதலாளி மறுபடி, உரக்கச் சொன்னார்.

டாக்டர் கேட்டுக்கொண்டான். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, சுற்றியிருந்த நாடாவை ஒழுங்காக மடித்து, முதலாளியின் கையில் வைத்தான்.

"எனக்கும் ஒரு சின்ன விஷயம் இருக்கு சார்" என்றான். அந்தத் தளத்தில் யாரும் அவ்வளவு மெதுவாகப் பேசிக் கேட்டதில்லை. "அவசரமில்ல. நேரம் கிடைக்கும்போது வேற ஆளைப் பாருங்க. நான் நாளையிலேர்ந்து வரமாட்டேன்."

கீழ்த்தளத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது படிக்கட்டு வழியாக மேலே கேட்டது. நின்றது, மறுபடி அடித்தது. எடுக்க ஆளில்லை. கணக்குப் பிரிவு அம்மாவாக இருக்கலாம், வரவேற்பறைப் பெண்ணாக இருக்கலாம். எதுவோ எரிந்துகொண்டிருந்தது, எதுவோ செத்துக்கொண்டிருந்தது. முதலாளி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொழுந்தனைப் பார்த்தார்.

"என்னைப் பார்க்காதீங்க சார்" என்றான் கொழுந்தன். காலைப் பழக்கத்தில் தீயணைப்பு சிலிண்டரையும் அவன் மேலே தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அதை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தான். "மூணு மாடி. லிஃப்டுக்குக் காத்திருக்காதீங்க."